சுண்டும் முன் சட்டம் அறிவோம்

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வீடுகள் நெருங்கி நிற்கும் இத்தகைய பகுதிகளில் பிள்ளைகள் ஓடி விளையாட மைதானம் கிடைப்பது அரிது. கேரம் ஆட்டத்திற்கோ மைதானமே வேண்டுவதில்லை. ஒரு பலகை, மேலே தொங்கும் ஒரு விளக்கு, ஒரு சிட்டிகைப் போரிக் தூள் ஆகியவை இருந்தால் நால்வர் மணிக்கணக்கில் ஆடலாம்.

ஐரோப்பியக் கேளிக்கைக் கூடங்களில் மேசைக் கால்பந்துக்கு உள்ள இடம் நம் தெருக்களில் கேரத்திற்கு உண்டு. இரண்டிற்கும் ஒரு பொதுத்தன்மையும் உண்டு: பழகும் இடத்து வழக்கம் வேறு, போட்டியின் சட்டம் வேறு. மேசைக் கால்பந்தில் கம்பியைக் கண்டபடி சுழற்றுவதே பலருக்கு ஆட்டம். சர்வதேச விதிகளிலோ 360 பாகைக்கு மேல் கம்பியைச் சுழற்றுவது குற்றம். கேரத்திலும் இவ்வாறே, தெருவில் செல்லுபடியாகும் பல ஆட்டங்கள் போட்டி மேசையில் செல்லுபடியாவதில்லை. கைத்திறன் மிகுந்த பிள்ளைகள் சட்டம் அறியாத ஒரே காரணத்தால் புள்ளிகளை இழக்க நேரிடுகிறது. ஆகவே அச்சட்டங்களில் முதன்மையானவற்றை இங்கே விளக்க விழைகிறோம்.

தெருவின் சொற்கள்

கேரத்திற்கு நம் தெருக்கள் தமக்கென ஒரு மொழியையே உருவாக்கியுள்ளன. சிவப்புக் காயைப் போட்டபின் உடனே தம் காய் ஒன்றையும் போட வேண்டும் என்பதே 'ரெட் அண்ட் ஃபாலோ'. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் கட்ட வேண்டிய தண்டம் 'ஃபைன்'. காயின் ஓரத்தைத் தொட்டு அதைப் பக்கவாட்டில் அனுப்புவது 'கட்'. ஸ்ட்ரைக்கரைச் சட்டத்தில் மோதித் திரும்பச் செய்து, நம் பக்கம் இருக்கும் காயை அடிப்பது 'ரீபவுண்ட்'. கட்டைவிரலால் சுண்டுவது 'தம்ப்'. தெருக்களில் இதை ஏற்காதவர் சிலர் உளர். போட்டிச் சட்டம் இதனை அனுமதிக்கிறது.

காய்களுக்கு மதிப்பிட்டு ஆடும் பாயிண்ட் ஆட்டமும் பரவலாக வழங்குகிறது. கருப்புக்கு 5, வெள்ளைக்கு 10 என்பர் சிலர். கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20 என்பர் வேறு சிலர். நட்புக்காக ஆடுகையில் இதில் தவறேதும் இல்லை. எந்தக் கணக்கு என்பதை முதல் காய் விழுமுன் அனைவரும் ஒப்புக்கொண்டால் போதுமானது.

சட்டத்தின் அளவுகள்

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988ஆம் ஆண்டு சென்னையில் தோன்றியது. அதன் சட்டப்படி ஆடுபரப்பு 73.5 முதல் 74 செ.மீ. வரை பக்க அளவுள்ள சதுரமாகும். குழியின் விட்டம் 4.45 செ.மீ. காய் ஒன்றின் விட்டம் 3.18 செ.மீ.க்கு மிகாது, எடை 5 முதல் 5.5 கிராம் வரை. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்கும், எடை 15 கிராமுக்கும் மிகலாகாது.

ஆட்டத்தின் நுட்பம் முழுவதும் இந்த எண்களில் அடங்கியுள்ளது. ஸ்ட்ரைக்கர் காயைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. ஆதலால் குழிக்கு நேராக நிற்கும் காயை வேகமாக அடித்தால், காயை அனுப்பிய பின்னும் ஸ்ட்ரைக்கர் நின்றுவிடாமல் அதே திசையில் தொடர்ந்து செல்லும். பின்னர் குழியில் அதுவும் விழும். ஃபைன் கட்ட நேரும். நேர்க்காயை மெதுவாக அடிப்பதும், சற்றே கோணம் வைத்து அடிப்பதும் இதற்காகவே. வலிமையைக் காட்டிலும் அளவறிந்து சுண்டும் விரலே இவ்விளையாட்டில் வெல்கிறது.

கவனிக்க வேண்டிய விதிகள்

முதலாவதாக, ஸ்ட்ரைக்கர் இரு அடிக்கோடுகளையும் தொட்டு நிற்க வேண்டும். கோட்டின் முனையிலுள்ள சிவப்பு வட்டத்தில் வைத்தால் வட்டம் முழுவதும் மறைய வேண்டும். பாதி மறைவது பிழை. இரண்டாவதாக, ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டுமேயன்றித் தள்ளலாகாது. விரல் ஒட்டியபடியே சிறிது தூரம் நகர்த்தி விடும் பழக்கம் தெருவில் மிகுதி. நடுவர் முதலில் கண்டுகொள்வதும் இதுவே. மூன்றாவதாக, ஒவ்வொரு அடியையும் 15 நொடிகளுக்குள் அடித்துவிட வேண்டும்.

ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு எப்போதும் வெள்ளைக் காய்களே உரியவை. தம் காய் ஒன்றையேனும் போட்ட பின்னரே சிவப்பைப் போடும் உரிமை பிறக்கிறது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் வாய்ப்பு போவதோடு, போட்ட காய் ஒன்று வெளியே வரும். அதை வெளிவட்டத்துக்குள் தாம் விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமை எதிராளிக்கே உண்டு. அனுபவமுள்ளவர் அதை எடுக்க அரிதான இடத்திலேயே வைப்பார். ஒரு ஃபைனின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

புள்ளிக் கணக்கு

தம் காய்கள் ஒன்பதையும் முதலில் போட்டவர் அந்தச் சுற்றை வெல்கிறார். பலகையில் மீதமுள்ள எதிராளியின் காய் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 1 புள்ளி கிடைக்கும். சிவப்பையும் அவரே எடுத்திருந்தால் மேலும் 3 புள்ளிகள். எடுத்துக்காட்டாக, எதிராளிக்கு நான்கு காய்கள் மீதமிருந்து, சிவப்பையும் வென்றவரே எடுத்திருந்தால் மொத்தம் 7 புள்ளிகள். தோற்றவர் சிவப்பை எடுத்திருந்தால் அந்த 3 புள்ளிகள் எவருக்கும் இல்லை. 25 புள்ளிகள் அல்லது எட்டுச் சுற்றுகள் கொண்டது ஓர் ஆட்டம். மூன்றில் இரு ஆட்டங்களை வென்றவருக்கே போட்டி.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் 22 புள்ளிகளை எட்டிய பின் சிவப்புக்கு அவருக்குப் புள்ளி இல்லை. ஆயினும் எதிராளிக்கு அந்த 3 புள்ளிகள் சென்று சேராதபடி தடுக்க அவர் சிவப்பை எடுக்கவே முயல்வார். வரவு இல்லாதபோதும் எதிர்த்தரப்பின் வரவைக் குறைப்பதும் ஒரு கணக்கே.

தெருவிலிருந்து உலக மேடைக்கு

இச்சட்டங்களைக் கற்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு வடசென்னையே விடை கூறும். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் உலகச் சாம்பியன் ஆனார். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார்; தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அவர்களுக்கு முன்னோடியாக, இருமுறை உலகச் சாம்பியனான சென்னையின் மரிய இருதயம் 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். செலவு குறைந்த விளையாட்டு எளிய வீட்டுப் பிள்ளைகளையும் உயர்த்தும் என்பதற்கு இவர்கள் சான்று.

தேசியப் போட்டிகளில் மாநில அணிகளுடன் ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் முதலிய நிறுவனங்களின் அணிகளும் களம் காண்கின்றன. பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களைப் பணியில் அமர்த்துகையில் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்களையே கேட்கின்றன. தெருவில் நூறு ஆட்டங்களை வென்றாலும் அதற்குச் சான்றிதழ் இல்லை.

ஆகவே, வீட்டில் கேரம் ஆடும் பிள்ளைகள் உள்ள வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே. வாரத்தில் ஒரு நாளேனும் முழுச் சட்டப்படி, கடிகாரம் வைத்து, ஒருவரை நடுவராக அமர்த்தி ஆடச் செய்யுங்கள். ஸ்ட்ரைக்கரின் எடையையும் அளவையும் சரிபார்த்து வாங்குங்கள். ஆர்வமுள்ள பிள்ளையை மாநில கேரம் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கு இளவயதிலேயே அனுப்புங்கள். பெறும் ஒவ்வொரு சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

வைப்புத்தொகையாயினும் கடனாயினும், கையொப்பமிடும் முன் நிபந்தனைகளைப் படிக்குமாறு நாம் எப்போதும் வேண்டுகிறோம். கேரம் பலகைக்கும் அதே அறிவுரை பொருந்தும். தூள் தூவும் முன் சட்டத்தைப் பேசி முடித்துவிட்டால், பிறகு விரலுக்கு மட்டுமே வேலை இருக்கும்; வாய்ச்சண்டைக்கு இடமிராது.