இன்ஜினைக் கழற்றும் முன் ஆர்.சி.யைத் திறந்து பாருங்கள்

ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத் தோட்டத்து வீடுகளில் தாத்தா காலத்து அம்பாசிடரோ ஃபியட்டோ இன்னும் ஷெட்டில் நிற்கிறது. பேரனுக்கு ஒருநாள் அதன்மேல் ஆசை வருகிறது. தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜினை இறக்கச் சொல்கிறார். பிளாக் லேத் பட்டறைக்குப் போகிறது. பல மாதம் கழித்துப் பளபளவென்று திரும்பி வருகிறது. பிறகுதான் யாரோ ஒருவர் கேட்கிறார்: "இன்ஜின் நம்பர் எங்கே?"

நம்பர் இல்லை. ஹெட் உட்காரும் முகத்தைச் சமப்படுத்த மெஷினில் போட்டபோது, ஓரத்தில் அடித்திருந்த எழுத்துகளும் சேர்ந்து போய்விட்டன. இன்னும் சில பழைய இன்ஜின்களில் நம்பர் ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் இருக்கும். பிளாக்கோடு ரிவெட் அடித்திருப்பார்கள். அழுக்குப் போகக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டு எடுத்தால் இரும்பு சுத்தமாகும், அலுமினியத் தகடு கரைந்துவிடும். பட்டறைக்காரர் வேண்டுமென்று செய்வதில்லை. பார்த்துச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டி, ஆர்.சி.யில் உள்ள விவரத்தோடு பொருந்தாத வண்டி. மோட்டார் வாகன ஆய்வாளர் கையெழுத்துப் போடமாட்டார். விற்கப் போனால் வாங்குபவர் பின்வாங்குவார். சாலையில் போலீஸ் நிறுத்தினால் திருட்டு வண்டி என்ற சந்தேகத்தில் பிடித்து வைக்கலாம். மீட்க மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு அலைய வேண்டும்.

இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆசையில் லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள், ஐந்து ரூபாய் பென்சிலால் நம்பர்மேல் தாள் வைத்துத் தேய்த்து ஓர் அச்சு எடுத்துவைக்க மறந்துவிடுகிறார்கள். ஸ்பானரை எடுக்கும் முன் அதைச் செய்யுங்கள். இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டுக்கும் பென்சில் அச்சு எடுங்கள். தேதி தெரியும்படி போட்டோவும் எடுங்கள். இரண்டையும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஏற்கெனவே பொருந்தவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நம்பர் தேய்ந்திருக்கிறது என்று நீங்களே ஆள் வைத்துப் புதிதாகப் பஞ்ச் அடிக்கவே கூடாது. பதிவு அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அடித்த நம்பர், நம்பரே இல்லாத நிலையைவிட மோசமான சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் இறந்துபோன தாத்தா பெயரில்தான் இருக்கும். அந்த நிலையில் இன்ஜினுக்குச் செலவழிக்கும் பணம், சட்டப்படி உங்களுடையதாக இல்லாத வண்டிக்குச் செலவழிக்கும் பணம். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் முப்பது ஆண்டு கழிந்தும் அதைச் செய்வதில்லை. தாமதத்துக்கு அபராதம் வரும். அதைக் கட்டியாவது முடித்துவிடுங்கள். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அத்தையும் சித்தப்பாவும் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். வண்டி ஓடி, அதன் விலை தெரிந்தபிறகு அந்தக் கையெழுத்து சுலபத்தில் கிடைக்காது.

ஆர்.சி. தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்தான். அதற்கு முன் நாம் மதுரை மாவட்டம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டியின் மூலப்பதிவு மதுரையில் இருக்க வாய்ப்பு அதிகம். திண்டுக்கல் கவுன்டரில் "கம்ப்யூட்டரில் இல்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வாய்மொழிப் பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். பதிவேடு வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. மக்களை ஊர் ஊராக அலையவிடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இப்போது பட்டறைக்கு வருவோம். பணமும் மனக்கசப்பும் அதிகம் விளைவது இங்கேதான். பழைய கார் இன்ஜின் வேலையில் பெரும்பாலும் இரண்டு கைகள் இருக்கின்றன: கழற்றி மாட்டும் மெக்கானிக், போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் செய்யும் லேத்காரர். முடித்து ஓட்டிய சில நாளில் பேரிங் அடிக்கிறது. "கிராங்க் சைஸ் தப்பு" என்கிறார் மெக்கானிக். "ஆயில் ஓட்டையைச் சுத்தம் பண்ணாமல் மாட்டிவிட்டார்" என்கிறார் லேத்காரர். இரண்டுமே நடக்கக்கூடியவை. கிரைண்டிங் தூள் கிராங்கின் ஆயில் வழியில் தங்கினால் புதுப் பேரிங் நாள்கணக்கில் போய்விடும். யார் சொல்வது உண்மை என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

ஆகவே பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் காகிதம் வேண்டும். ஜாப் கார்டு அச்சடித்ததாக இருக்க வேண்டியதில்லை. பட்டறைப் பெயர் உள்ள பில் தாளில் கையால் எழுதினாலும் போதும். பிளாக்கின் நம்பர், கொடுத்த தேதி, கொடுக்கும்போது இருந்த விரிசல், செய்யப்போகும் வேலை, கூலி, திருப்பித் தரும் நாள், கீழே இருவர் கையெழுத்து. "நம்பர் உள்ள இடத்தில் மெஷின் படக்கூடாது" என்று தனி வரி எழுதுங்கள். ஃபியட் 1100 வகை இன்ஜினாக இருந்தால் "ஹெட் அலுமினியம், காஸ்டிக் தொட்டியில் போடக்கூடாது" என்று இன்னொரு வரி. அந்த ஹெட்டைத் தொட்டியில் போட்டு அரித்துப் பாழாக்கியவர்களும் உண்டு; அப்படிப் போன ஹெட்டுக்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு.

அளவுகளை வாய்மொழியாக விடாதீர்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு மூல போர் 73.025 மில்லிமீட்டர்; ஃபியட்டின் 1089 சி.சி.க்கு 68 மில்லிமீட்டர். உங்கள் சிலிண்டர் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை மேல், நடு, அடி மூன்று இடத்திலும், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் போர் கேஜ் வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். தேய்மானம் மேலே ஒரு மாதிரியும் அடியில் ஒரு மாதிரியும் இருக்கும். ஒரே இடத்தில் அளந்தால் அது தெரியாது. முக்கியமாக, பிஸ்டன் கைக்கு வரும்முன் போரிங் செய்ய விடாதீர்கள். "40 ஓவர்சைஸ் வாங்கிக்கலாம்" என்று வெட்டிவிட்டு, அந்த அளவு பிஸ்டன் எங்குமே கிடைக்காமல் நிற்கும் பிளாக்குகள் உண்டு. பிறகு ஸ்லீவ் அடிப்பதைத் தவிர வழியில்லை. முதலில் பிஸ்டனை வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கேற்ப சிலிண்டரை வெட்டுவதுதான் முறை. மறுபடியும் சொல்கிறேன்: பிஸ்டன் முன்னால், போரிங் பின்னால்.

ஹெட் வேலையில் வால்வு சீட்டைப் பற்றிக் கேளுங்கள். 2000-இல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு மாறிவிட்டோம். அதற்கு முந்தைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் தனி சீட் இல்லாமல் இரும்பிலேயே வெட்டியிருந்தால், ஈயத்தின் காப்பு இல்லாமல் சீட் மெல்ல உள்வாங்கும். ஹெட் கழன்றிருக்கும்போதே கடினமான சீட் அடித்துவிடலாம். இன்று பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அறுபது, எழுபதுகளின் ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது. அவை ஊறி வெடித்துச் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீ. எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். பழைய கேஸ்கெட்டிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்வாகச் சுரண்டி, ஏர் அடித்து ஊதும் பையன்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நனைத்துச் சுரண்டுங்கள், ஏர் அடிக்காதீர்கள்.

பட்டறையில் விட்ட பொருள் உடைந்தால் யார் பொறுப்பு? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 151-ஆம் பிரிவுப்படி, பொருளை ஒப்படைப்பாக வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப்போல் கவனமாக வைத்திருக்க வேண்டும். "ஓனர் ரிஸ்க்" என்று சுவரில் எழுதி மாட்டிவிட்டால் அந்தக் கடமை மறைந்துவிடாது. பட்டறைக்கும் ஓர் உரிமை உண்டு. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைக்கலாம் என்கிறது 170-ஆம் பிரிவு. கூலி பாக்கி வைத்துவிட்டு "என் பிளாக்கைத் திருடிவிட்டார்" என்று ஸ்டேஷனுக்குப் போவது வீண். ஆனால் பிடித்து வைக்கலாமே தவிர, காயலான் கடைக்குப் போட இந்தப் பிரிவு அவருக்கு உரிமை தரவில்லை.

இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் இன்ஜினை உட்காரவைத்த வண்டிகள் நம் பக்கத்தில் நிறையவே ஓடின. ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு முன் அனுமதி கேட்கிறது; அனுமதியில்லாமல் இன்ஜின் மாறியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவித்தாலே ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கையில் எடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

மாற்று இன்ஜின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதே தயாரிப்பின் அதே வகை. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ வாங்கினாலும், இன்ஜின் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியினுடையது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைத்ததே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும்.

"வின்டேஜ்" பதிவு பற்றி ஊரில் தவறான பேச்சு ஏராளம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் சேர்த்த பிரிவுகள் சொல்வது இதுதான்: 50 ஆண்டைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டி, மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. அதே பிளாக்கை ரீபோர் செய்வது பழுதுபார்ப்பு, வேறு இன்ஜின் மாட்டுவது மாற்றம் என்பது என் வாசிப்பு. விதி இந்த எல்லையைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதாததால் அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டுவிட்டார்கள். அதனால்தான் படமும் ஜாப் கார்டும் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்: அதே பிளாக்தான் என்று காட்ட உங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

விண்ணப்பம் பரிவாகன் தளத்தில், படிவம் 20-இல். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. இன்ஷூரன்ஸும் பழைய ஆர்.சி.யும் இணைக்க வேண்டும். 60 நாளுக்குள் படிவம் 23ஏ-இல் சான்று தர வேண்டும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 10 ஆண்டு செல்லும். விற்றால் 90 நாளுக்குள் இரு தரப்பும் தெரிவிக்க வேண்டும். ஆனால் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். கல்யாண வாடகைக்கு விடக்கூடாது. மண்டிக்கு ஓட்டிப் போகவும் கூடாது. சும்மா ஞாயிற்றுக்கிழமை பழனிக்குப் போய்வர விரும்புகிறவருக்கு வின்டேஜ் பதிவு வேண்டாம். படிவம் 25-இல் சாதாரணப் புதுப்பித்தல் போதும். அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். பசுமை வரி தனி. தரகரிடம் இதைவிட அதிகம் கொடுக்காதீர்கள்.

வேலை கெட்டுப்போனால் முதலில் செய்யக்கூடாதது, கோபத்தில் வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துவிடுவது. பிரித்த நிமிடமே ஆதாரம் போய்விடுகிறது. வேலை செய்தவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, குறிப்பிட்ட நாளில் அவர் முன்னிலையில் திறக்கப்போவதாகச் சொல்லுங்கள். வராவிட்டால், சம்பந்தமில்லாத ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவரை வைத்துத் திறந்து, அளவெடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். தேய்ந்த பேரிங், கீறிய பிஸ்டன், உடைந்த ரிங் எதையும் எறியாதீர்கள்; லேபிள் ஒட்டி வையுங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு என்னிடம் நியாயம் கேட்டு வருபவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே சமரசம் நடக்காவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை கோவையிலோ மதுரையிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். ஜாப் கார்டு, பில், ஜி-பே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், இன்ஜினியர் அறிக்கை, நோட்டீஸின் நகல், தபால் ரசீது இவற்றை வரிசைப்படுத்தி இணையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர், கொடுத்த தொகையை நிரூபிக்கவே திண்டாடுவார்.

கெடு இரண்டு ஆண்டு; வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். "அடுத்த மாசம் சரி பண்ணித் தர்றேன்" என்ற வாக்கு அந்தக் கணக்கை நிறுத்தாது. பழகிய மெக்கானிக்காயிற்றே என்று இரண்டு தீபாவளி காத்திருப்பவர்கள் கெடு முடிந்தபிறகுதான் ஆணையத்தின் படியேறுகிறார்கள். முதல் வாக்கு தவறிய வாரத்திலேயே நோட்டீஸை அனுப்பிவிடுங்கள். வேலையைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் வழக்குக்கே போகவேண்டியிருக்காது.