ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகு என்ன கிழமை?

(நமது நிருபர்)

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் போயின; பேச்சு பிரியவில்லை. பொழுதைச் சொல்வதிலும் இரு மொழிக்கும் ஒரே வழக்கம்தான். விடியும் வரை ராத்திரி. மணி ஒன்றானாலும் 'ராத்திரி ஒரு மணி'தான்.

ஆங்கிலத்தில் அதே ஒரு மணி, 'ஒன் இன் தி மார்னிங்'. நள்ளிரவு 12 அடித்ததும் பி.எம். போய் ஏ.எம். வந்துவிடும், கிழமையும் மாறிவிடும்.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ண வேண்டாம். திங்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு 12.20 மணி ரயிலில் ஊருக்குப் புறப்பட நினைப்பவர், 'மண்டே நைட்' என்று சொல்லி திங்கட்கிழமைக்கு முன்பதிவு செய்தால், ஞாயிறு ராத்திரி கழிந்த கையோடு அந்த வண்டி போயிருக்கும். டிக்கெட் பணமும் போகும், லீவும் வீணாகும். அவர் கேட்க வேண்டியது 'டியூஸ்டே, ட்வெல்வ் ட்வென்டி ஏ.எம்.' ரயில்வே அட்டவணையில் இது 00.20, பகல் 12.20 என்றால் 12.20. வண்டி முதல் நிலையத்தில் திங்களன்றே புறப்பட்டிருந்தாலும், நாம் ஏறும் நிலையத்துத் தேதிதான் கணக்கு.

ஏ.எம். என்பது லத்தீனில் நண்பகலுக்கு முன், பி.எம். என்பது பின். ஆகவே 'டென் ஏ.எம். மார்னிங்' என்பது காலையை இரு முறை சொல்வதாகும். பன்னிரண்டு மணியை 'ட்வெல்வ் நூன்', 'ட்வெல்வ் மிட்நைட்' என்று சொன்னால் குழப்பமில்லை.

'இன்று இரவு' என்பதை அப்படியே மாற்றி 'டுடே நைட்' என்கிறோம். 'டுநைட்' என்பதே சரி. 'நேற்று இரவு' என்பது 'லாஸ்ட் நைட்'. ராத்திரி 8 மணிக்கு மேலதிகாரியைச் சந்தித்தால் 'குட் ஈவினிங்'. 'குட் நைட்' விடைபெறும்போது சொல்வது. வாசலில் நுழையும்போதே சொன்னால் வந்ததும் கிளம்புவதாகிவிடும்.

ராத்திரி வேலைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 'சண்டே நைட் டூட்டி' என்றால் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கிழமை, தேதி, மணி மூன்றையும் சேர்த்துச் சொல்பவருக்கு ரயிலும் தப்பாது, கூலியும் தப்பாது.