பாம்பின் செவிப்புலன்

பாம்புக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் 'கட்செவி' என்பதும் ஒன்று. கண்ணையே செவியாக உடையது என்பது அதன் பொருள். புறச்செவி, செவித்துளை, செவிப்பறை ஆகிய மூன்றும் பாம்புக்கு இல்லை. இதனால், காற்றில் வரும் ஒலியை அது கேளாதென்று விலங்கியலாரிற் பலரும் நெடுங்காலங் கருதினர். மகுடி ஊதும்போது பாம்பு பின்பற்றுவது இசையையன்று, ஆட்டுவோனின் அசைவையே என்பது உண்மை. ஆயின் இசைக்கு ஆடாமை வேறு. ஒலியைக் கேளாமை வேறு. ஒலி கேட்ட பாம்பு அசையாதும் இருக்கலாம். ஆகவே, நடத்தையை நோக்குவதோடு அமையாது, செவியையும் நரம்பையும் நேரே ஆராய்தல் இன்றியமையாததாயிற்று.

அதற்கு வழிகண்டோருள் ஒருவர், அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக உளவியலாளர் ஏணஸ்ற் கிளென் வீவர். 1930இல் அவரும் சாள்ஸ் பிறேயும் பூனையின் செவிநரம்பில் மின்வாய் பொருத்தி, ஆங்கெழுந்த மின்மாற்றங்களைப் பெருக்கித் தொலைபேசிக்குச் செலுத்தினர். பூனையின் செவியருகே பேசிய சொற்கள் மற்றோர் அறையில் தெளிவாகக் கேட்டன. அம்மின்மாற்றங்களிற் பெரும்பகுதி நரம்பிலன்றி உட்செவியிலேயே தோன்றுவதெனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதனையே அளவுகோலாகக் கொண்டு வீவர் ஊர்வனவற்றை ஆராய்ந்தார். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளுக்குப் பாம்பின் உட்செவி துலங்குகின்றது என்பதை அவரும் ஜாக் வேணனும் 1960இல் வெளியிட்டனர். ஊர்வனவற்றின் செவி பற்றிய வீவரின் பெருநூல் 1978இல் வெளிவந்தது.

உட்செவி துலங்கினும், அச்செய்தி மூளையை எய்துகின்றதா என்னும் வினா எஞ்சி நின்றது. பீற்றர் ஹாட்லைன் பாம்பின் நடுமூளையில் மின்வாய் வைத்து ஆராய்ந்து, 1971இல் அதற்கு விடை தந்தார். செய்தி மூளையை எய்துகின்றது. அதுவும் இரு வழிகளால். ஒன்று உட்செவி வழி. மற்றையது உடலின் அதிர்வுணர்ச்சி வழி.

செவிப்பறை இன்றி ஒலி உட்புகுவது எங்ஙனம்? பாம்பின் உட்செவியிலிருந்து மெல்லிய கோல்போன்ற சிற்றென்பொன்று புறப்பட்டு, கீழ்த்தாடையைத் தாங்கும் என்போடு தொடர்புறுகின்றது. நிலத்தின் அதிர்வு தாடை வழியே உட்செவியை அடைவது இதனாலாகும். காற்றொலியோ மண்டையோட்டையே அதிரச் செய்கின்றது. மலைப்பாம்பினத்து வகையொன்றில் டென்மார்க் ஆய்வாளர் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. செக்கனுக்கு 80 முதல் 160 வரையான அதிர்வுகளையே அப்பாம்பு நன்குணர்ந்தது. மனிதனோ ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை கேட்கவல்லவன். எனவே பாம்பின் கேள்வி குறுகியது; ஆயினும் இல்லாததன்று.

இவ்வென்புவழிக் கேள்வி மனிதர்க்கும் புதிதன்று. அதிரும் இசைக்கவையின் அடியை நெற்றியில் வைத்தால் ஒலி கேட்கின்றது. நடுச்செவி பழுதுற்றோர்க்கு உதவும் சில கேட்டற் கருவிகளும் இவ்வழியையே பயன்படுத்துகின்றன. செவிப்பறை ஒலியை உட்செலுத்தும் வாயில்களுள் ஒன்று மாத்திரமே. கேள்விக்கு இன்றியமையாதன உட்செவியும் நரம்புமாம். புறத்தே உறுப்பொன்று காணப்படாமை, அகத்தே புலன் இன்மைக்குச் சான்றாகாது.