வளர்ந்த நாயும் பாடம் கற்கும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம்மிற் பலர் நாய்க்கும் தீர்ப்பெழுதிவிடுகிறோம். வெளியூருக்கு மாற்றலாகிச் செல்லும் உறவினர் ஒருவர் தம் நாயை நம் வீட்டில் விட்டுச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வயது நான்கு. வந்த நாள் முதல் கொல்லைப்புறத் தூணில் சங்கிலி. ஓயாமல் குரைக்கிறது, அவிழ்த்துவிட்டால் பாய்கிறது, குழந்தைகள் அஞ்சுகின்றனர். மாதம் ஒன்று கழியுமுன் "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. வீட்டுச் சோறுண்டு வளர்ந்த நாய் தெருவில் பிழைப்பது அரிது. பட்டினிக்கும் துன்பத்திற்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டிவைத்திருக்கும் நாயை உலாவ விடாதிருப்பதும் அதே சட்டப்படி குற்றமே.

உண்மையில், வளர்ந்த நாய்க்குக் கற்பிப்பது குட்டிக்குக் கற்பிப்பதைவிடச் சிலவகையில் எளிது. குட்டியின் கவனம் வண்ணத்துப்பூச்சியின் பின்னே போய்விடும். வளர்ந்ததோ சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்து நிற்கும். அதன் பழைய பழக்கங்கள்தாம் தடை. அவையும் மாறும், ஆனால் நாள்கள் ஆகும்.

புதிதாக வந்த நாய்க்கு முதற் சில நாள்கள் எதுவும் கற்பிக்க வேண்டுவதில்லை. உணவு வேளையும் உறங்குமிடமும் வீட்டாரின் வாசனையும் பழகட்டும். பின்னர் 'உட்கார்' என்பதிலிருந்து தொடங்கலாம். பட்டாணி அளவுள்ள அவித்த கோழி இறைச்சித் துண்டொன்றை விரல்களில் பிடித்து, நாயின் மூக்கருகே காட்டி, அதன் தலைக்கு மேலாக மெல்லப் பின்னோக்கி நகர்த்தவேண்டும். தலை உயர உயரப் பின்புறம் தானே தாழும். அது தரையைத் தொட்ட அக்கணமே "சபாஷ்" என்று சொல்லித் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். முதுகை அழுத்தி உட்காரவைத்தல் கூடாது. சில நாள்களில் கையின் அசைவுக்கே உட்காரத் தொடங்கும். அப்போது அசைவுக்குச் சற்று முன்னதாகச் சொல்லையும் சேர்க்கலாம்.

'அக்கணமே' என்பதை மீண்டும் வற்புறுத்துகிறோம். சட்டைப்பையில் துண்டைத் தேடிக்கொண்டிருக்கையில் நாய் எழுந்துவிட்டால், எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாக அது கொள்ளும். நற்பயன் தந்த செயலையே விலங்கு மீண்டும் செய்யும் என்பதை, பசித்த பூனைகளைக் கூண்டிலடைத்து ஆராய்ந்த எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலார் 1898ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். உணவுக்கு முன், ஐந்தைந்து நிமிடமாக நாளுக்கு இரண்டு மூன்று முறை பழக்கினால் போதும்.

பெரும்பாலான வீடுகளில் பாடம் கெடுவது நாயினால் அன்று. தந்தை 'சிட்' என்கிறார். தாய் 'உக்காரு' என்கிறார். பாட்டி 'படுடா' என்று அதட்டுகிறார். நாய் எதைக் கேட்கும்? சொல் எதுவாயினும் வீடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கவேண்டும். நாய்க்கு ஆங்கிலந்தான் புரியும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ!

'வா' என்னும் சொல்லை நாம் காக்கவேண்டும். செருப்பைக் கடித்த நாயை 'வா' என்றழைத்து அடித்தால், வருவதற்காகவே அடி விழுந்தது என்று அது அறியும். மறுநாள் வாசற்கதவு திறந்திருக்க, சாலையில் லாரி வரும்போது அழைத்தாலும் வராது. வந்தால் எப்போதும் நல்லதே கிடைக்கவேண்டும். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமெனில், அழைக்காமல் நாமே அதனிடம் செல்வது மேல்.

அடித்து அடக்கினால்தான் எசமானன் யாரென்று நாய்க்குத் தெரியும் என்பர். ஓநாய்க் கூட்டத்தில் வலியது மற்றவற்றை அடக்கியாளும் என்ற கருத்தே இதற்குத் துணையாகக் காட்டப்பட்டது. அக்கருத்து, பாசல் நகர் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கண்டு ருடால்ப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து பரவிற்று. கனடாவின் வடகோடியில் கட்டற்று வாழும் ஓநாய்களைப் பல கோடைகள் கூர்ந்து நோக்கிய டேவிட் மெக், அக்கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் மக்களுமான குடும்பமே என்று 1999இல் எழுதினார். அடிபட்ட நாய் அடங்குவதும் உண்டு; ஆனால் அதன் அச்சம் ஒருநாள் குழந்தையின் கைமீது பல்லாகப் பதியக்கூடும்.

இதுவரை சாந்தமாயிருந்த நாய் திடீரென உறுமினால் பயிற்சியை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். காதிலோ பல்லிலோ வலி இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியையும் அவர் சொல்லும் காலத்தில் தவறாது போடவேண்டும்.

இன்னொன்று. சொல்லோடு கையசைவையும் விடாது பழக்குக. பத்துப் பன்னிரண்டு வயதில் பல நாய்களுக்குச் செவி மந்தமாகிவிடும். கண் மங்காதவரை, நாம் கையை உயர்த்தியதும் அது உட்கார்ந்துகொள்ளும்.