மசோதா சட்டமாகுமுன் பேசும் நகர மன்றம்

புதிய சட்டம் அமலுக்கு வந்து, அதிகாரி கடை வாசலில் வந்து நின்ற பிறகு சங்கத்தைத் தேடி ஓடுவதில் பயன் குறைவு. சட்டம் மசோதாவாக இருக்கும்போதே பேசினால்தான் பலன் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தில் நிலுவையில் உள்ள மசோதாவை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று நகர மன்றங்களே தீர்மானம் போடுகின்றன. கடைக்காரர்கள் தங்கள் குரலைக் கேட்கச் செய்ய அது ஒரு வாசல்.

தீர்மானம் உருவாகும் முறை

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே மன்ற உறுப்பினர்கள் 15 பேர். ஒரு மசோதா பற்றி நகரத்தின் பெயரால் கருத்துச் சொல்ல வேண்டுமானால், மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மேயரும் இசைவு தர வேண்டும். ஒரு துறைத் தலைவர் தம் விருப்பப்படி "இதுதான் நகரத்தின் கருத்து" என்று கடிதம் எழுதிவிட முடியாது.

உறுப்பினர் ஒருவர் தீர்மானத்தைக் கொண்டுவருவார். மன்றத்தின் தலைமைச் சட்ட ஆய்வாளர் அலுவலகம் மசோதாவைப் படித்துப் பரிந்துரை எழுதும். குழுவில் விவாதம், பிறகு மன்றத்தில் ஓட்டெடுப்பு. நிறைவேறினால், தலைநகர் சாக்ரமெண்டோவில் உள்ள நகரத்தின் பிரதிநிதிகள் அதைச் சட்டமன்றக் குழுக்களிடம் எடுத்துரைப்பார்கள். சட்டமன்றக் குழு தயாரிக்கும் ஆய்வுக் குறிப்பில், ஆதரிப்போர் அல்லது எதிர்ப்போர் பட்டியலில் நகரத்தின் பெயர் ஏறும்.

ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டோடு முடிவதில்லை. "திருத்தினால் ஆதரவு", "திருத்தாவிட்டால் எதிர்ப்பு" என்ற நிலைகளும் உண்டு. வியாபாரிக்குப் பெரும்பாலும் வேண்டியது இந்தத் திருத்தம்தான்.

கேரி பேக் கற்பித்த பாடம்

2007-ல் சான் பிரான்சிஸ்கோ நகரம் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் கேரி பேக்கைத் தடை செய்தது. அதன்பின் ஊருக்கு ஊர் தடை வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மன்றமும் 2013-ல் தடை விதித்தது. பல ஊர்களில் கிளை வைத்திருந்த கடைகளுக்கு ஊருக்கொரு விதி என்றாகிவிட்டது.

2014-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம் கொண்டுவரும் எஸ்.பி. 270 மசோதாவை செனட்டர் அலெக்ஸ் பாடிலா முன்வைத்தார். அவர் முன்பு லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத் தலைவராக இருந்தவர். கலிபோர்னியா மளிகை வணிகர் சங்கம் அதை எதிர்க்கவில்லை, ஆதரித்தது! எங்கும் ஒரே விதி என்பது முதல் லாபம். பைக்குக் குறைந்தது 10 சென்ட் வாங்கி அதைக் கடையே வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த லாபம். பெரிய மளிகைக் கடைகளுக்கு 2015 ஜூலை, சிறிய கடைகளுக்கு 2016 ஜூலை என்று மசோதாவிலேயே ஓராண்டு இடைவெளி வைக்கப்பட்டது. இருப்புச் சரக்கைத் தீர்க்க ஓராண்டு தவணை என்றால் அதன் அருமை சிறு கடைக்காரருக்குத் தெரியும்.

பை தயாரிப்பாளர்கள் விடவில்லை. கையெழுத்துத் திரட்டி, சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2016 நவம்பரில் மக்கள் சட்டத்தை உறுதி செய்தனர். ஆனால் அதோடும் முடியவில்லை. கனமான பிளாஸ்டிக் பைக்கு அளிக்கப்பட்ட விலக்கை நீக்கி 2024-ல் இன்னொரு சட்டம் வந்தது. அது 2026 ஜனவரி 1 முதல் அமல். ஒரு முறை பேசிவிட்டு ஓய்ந்திருக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

கடைக்காரருக்கு என்ன இடம்?

1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி, கலிபோர்னியாவில் உள்ளாட்சி மன்றங்களின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். முடிவெடுக்குமுன் பொதுமக்கள் பேசவும் வாய்ப்புத் தர வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சாக்ரமெண்டோ சுமார் 600 கிலோமீட்டர். கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் போக எத்தனை பேரால் முடியும்? சொந்த ஊர் மன்றத்துக்குப் போய், ஓரிரு நிமிடம் பேசிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. நகர மன்றத் தீர்மானம் சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது; அது ஒரு சிபாரிசு மட்டுமே. ஆனாலும் தனிக் கடைக்காரர் எழுதும் கடிதத்துக்கும், ஒரு மாநகரத்தின் பெயரால் போகும் தீர்மானத்துக்கும் எடை ஒன்றல்ல.

நம் மாநிலத்திலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. நம் நகராட்சி, மாநகராட்சி மன்றங்களும் அரசைக் கேட்டுத் தீர்மானம் போடக்கூடியவையே. எனவே மசோதா தாக்கலாகும் அன்றே அதை வாங்கிப் படிப்போம். எந்தப் பிரிவு எத்தனை கடையைப் பாதிக்கும் என்று கணக்கோடு எழுதுவோம். அதை முதலில் நம் வார்டு கவுன்சிலர் கையில் கொடுப்போம். அழுத பிள்ளைக்குத்தான் பால். அதுவும் நேரத்தில் அழுத பிள்ளைக்கு!