பீச் மரத்தைக் கொல்வது பூச்சியா, காளானா?

ஜவுளிக் கடைகளில் 'மோடால்' என்று சீட்டு ஒட்டிய மெல்லிய துணியை நமது நெசவாளர் சங்க அங்கத்தினர்களில் பலர் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அது பஞ்சுமன்று, பட்டுமன்று. மரக்கூழிலிருந்து இழுக்கப்படும் நூல். ஆஸ்திரியா நாட்டிலுள்ள லென்ஸிங் ஆலையினர் அதைப் பீச் மரத்தின் கூழிலிருந்து செய்கின்றனர். பெயரைக் கேட்டதும் பழக்கடையில் விற்கும் பீச் பழம் நினைவுக்கு வரலாம். அந்தப் பழம் தரும் மரம் வேறு, இது வேறு. நாம் இங்கே குறிப்பிடுவது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் உள்ள குளிர்நாட்டுக் காடுகளில் ஓங்கி வளரும் பெருமரமாகும். நாற்காலிக்கும் மேசைக்கும் தச்சரின் வேலைப்பலகைக்கும் அது உதவுகிறது. அதன் கொட்டைகளைத் தின்றே அமெரிக்கக் காடுகளின் கருங்கரடிகள் குளிர்காலத்திற்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. கரடி ஏறிய மரத்தின் வழவழப்பான சாம்பல்நிறப் பட்டையில் அதன் நகக்கீறல்கள் பல ஆண்டுகள் மறையாமல் நிற்கும்.

அமெரிக்காவில் இம்மரம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நோயினால் மடிந்து வருகிறது. அந்நோய் உண்டாகும் விதம் நமது பயிர்செய்வோர் யாவரும் அறியத்தக்கது. செடி ஒன்று பட்டுப்போனால், 'இதைக் கொன்றது பூச்சியா, காளானா?' என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். மருந்துக் கடைக்காரரும் அதையே கேட்டுவிட்டு, பூச்சியென்றால் ஒரு புட்டியையும் காளானென்றால் வேறொரு புட்டியையும் எடுத்துக் கொடுக்கிறார். பீச் மரத்தின் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. அங்கே பூச்சி தனியாக வந்தால் மரத்தை இளைக்கச் செய்யுமேயன்றிப் பெரும்பாலும் கொல்வதில்லை. காளான் தனியாக வந்தால் நலமான பட்டையை ஊடுருவ அதற்கு வலிமை போதாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் வந்தால் மரம் சாகிறது.

முதலில் வருவது ஒரு செதில் பூச்சி. அரக்குப் பூச்சியும், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியும், நமது தோட்டங்களைப் பிடிக்கும் மாவுப்பூச்சியும் சேர்ந்த பெருங்குலத்தைச் சேர்ந்ததே இதுவும். விஞ்ஞானிகள் இதற்குக் கிரிப்டோகாக்கஸ் பாகிசூகா என்று பெயரிட்டிருக்கின்றனர். வளர்ந்த பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, நிறம் மஞ்சள். இதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண்களே, சேர்க்கையின்றியே கோடைகாலத்தில் முட்டையிடுகின்றன. ஆகையால் ஒரே ஒரு குஞ்சு ஒரு புது மரத்தை அடைந்துவிட்டாலும் அங்கே ஒரு குடியேற்றம் தோன்றிவிடும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டுமே கால்கள் உண்டு. அது பட்டையில் ஊர்ந்து திரிகிறது. காற்றினாலும் பறவைகளின் காலில் ஒட்டியும் வேறு மரத்திற்குச் செல்கிறது. தக்கதோர் இடுக்கைக் கண்டதும் ஊசிபோன்ற தன் வாயுறுப்பைப் பட்டைக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. அவ்வூசி சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ளது, அதாவது பூச்சியின் உடலைக் காட்டிலும் நீண்டது! அதன் பின் தோலுரித்துக் கால்களை இழந்து, வெண்மையான மெழுகு இழைகளால் தன்னை மூடிக்கொண்டு, உயிருள்ளவரை அங்கேயே இருந்துவிடுகிறது. பூச்சி மலிந்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் அடிமரத்திற்குச் சுண்ணாம்பு அடித்ததுபோலவோ பஞ்சு ஒட்டியதுபோலவோ தோன்றும்.

வேப்ப மரமும் புளிய மரமும் முதிர முதிரத் தடித்த வெடிப்புப் பட்டையைப் போர்த்துக்கொள்வதை நாம் காண்கிறோம். பீச் மரமோ கிழப்பருவத்திலும் மெல்லிய பட்டையுடனேயே நிற்பது. ஆகவே பூச்சியின் ஊசி உயிருள்ள திசுவை எளிதில் எட்டிவிடுகிறது. முற்றிலும் வழுவழுப்பான இளமரத்தில் குஞ்சு ஒதுங்க இடம் குறைவு. கிளை முறிந்த வடுக்களும் சிறு கீறல்களும் பாசியும் உள்ள பெரிய மரத்தில் இடம் மிகுதி. இதனால்தான் பெரிய மரங்கள் முதலில் பீடிக்கப்படுகின்றன.

பல்லாயிரம் ஊசிகள் ஆண்டுதோறும் குத்திய இடத்தில் பட்டையின் திசுக்கள் செத்துச் சுருங்குகின்றன; நுண்ணிய பிளவுகள் உண்டாகின்றன. சாதாரணமாகச் சில ஆண்டுகள் இவ்வாறு கழிந்த பின்பே காளான் நுழைகிறது. நியோநெக்ட்ரியா என்னும் இனத்தைச் சேர்ந்த இரண்டு பூஞ்சக்காளான்கள் இவ்வேலையைச் செய்கின்றன. அவற்றின் வித்துக்கள் மழைத்துளி தெறிப்பதாலும் காற்றாலும் பரவுபவை. பூச்சி திறந்துவிட்ட பிளவுகளில் விழும் வித்து முளைத்து, பட்டையையும் அதனடியில் மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய இளந்திசுவையும் கொன்றுகொண்டே படர்கிறது. சில மரங்களில் செத்த இடத்திலிருந்து பழுப்புநிற நீர் வடிகிறது. பின்னர் இலையுதிர் காலத்தில் குண்டூசித் தலை அளவுள்ள செந்நிறக் காய்கள் கொத்துக் கொத்தாகப் பட்டைமேல் தோன்றுகின்றன. அவையே காளானின் வித்துப்பைகள். செத்த திட்டுக்கள் ஒன்றோடொன்று கூடி அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால், இலைகள் சமைத்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை. மறு வசந்தத்தில் இலை சிறுத்து மஞ்சளித்து, மரம் மெல்ல மெல்ல உயிர்விடுகிறது. வேறு காளான்களும் மரந்துளைக்கும் வண்டுகளும் நடுமரத்தை அரித்துவிடுவதால், இலை பசுமையாக இருக்கும்போதே காற்றில் இடையில் முறிந்து விழும் மரங்களும் உண்டு.

நமது தோட்டங்களில் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவின்மேல் கரும்பூசணம் படர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே பூசணம் இலையின் மேற்பரப்போடு நின்றுவிடும். பூச்சியைப் போக்கினால் தானும் உதிர்ந்துபோகும். பீச் மரத்தில் நடப்பது அப்படியன்று. காளான் உள்ளே புகுந்தபின் பூச்சியை அகற்றிப் பயனில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செதில் பூச்சிக்கு உயிருள்ள பட்டைதான் உணவு. காளான் பட்டையைக் கொன்றதும் அவ்விடத்தில் பூச்சிக்கு வாழ்வில்லை. எனவே செத்த மரத்தின் முன் நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் சிவந்த காளான் தெரியுமேயொழிய, அதற்கு வழிவகுத்த பூச்சி தெரியாது. சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்கும் என் போன்றோர்க்கு இது பழக்கமான நிலைமையே. ஆண்டுக் கடைசியில் வெளிப்படும் பற்றாக்குறைக்கு உரிய பதிவு பல மாதங்களுக்கு முந்தைய பக்கத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அது அகப்படாது. பீச் மரத்தில் பூச்சி முன், காளான் பின் என்னும் இவ்வரிசையை 1934ஆம் ஆண்டில் ஜான் எர்லிக் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட விரிவான ஆய்வு தெளிவாக்கிற்று.

இப்பூச்சி அமெரிக்காவிற்கு உரியதன்று. 1890ஆம் ஆண்டையொட்டி, கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிபாக்ஸ் நகரத்துக்கு அழகுக்காக ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்ட பீச் கன்றுகளோடு அது கப்பலேறி வந்தது. ஐரோப்பிய மரங்களும் இந்நோய்க்கு உட்படுபவையே; ஆயினும் அமெரிக்கப் பீச் மரம் அளவுக்கு அவை அழிவதில்லை. 1920ஆம் ஆண்டையொட்டிக் கனடாவின் கடலோரப் பகுதியில் மரங்கள் சாகத் தொடங்கின. 1930க்குப் பின் மெயின் மாநிலத்திலும், பிறகு நியூ இங்கிலாந்து, நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய பகுதிகளிலும் நோய் தோன்றிற்று. 1981இல் மேற்கு வர்ஜீனியாவிலும், 1990ஐ அடுத்த ஆண்டுகளில் தெற்கே ஸ்மோக்கி மலைகளிலும், 2000இல் மிச்சிகனிலும் காணப்பட்டது. சிறகில்லாத, கால்களையும் இழந்துவிடுகிற ஒரு பூச்சி சென்ற தொலைவு இது!

நோய் சென்ற வழியை அலெக்ஸ் ஷைகோ என்பவர் 1972இல் மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். பூச்சி மட்டும் பரவுவது முதற்கட்டம். காளானும் சேர்ந்து பெருமரங்களைச் சாய்ப்பது இரண்டாவது. மூன்றாவது கட்டம் அதன்பின் மிஞ்சிய காடு. அதுவே மிகவும் வருந்தத்தக்கது என்பது என் எண்ணம். மடிந்த பீச் மரத்தின் வேர்களிலிருந்து ஏராளமான பக்கக்கன்றுகள் வெடித்துக் கிளம்புகின்றன. கன்று மிகுந்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேரிலிருந்து கிளம்பும் கன்று தாய் மரத்தின் மறுபதிப்பே. தாய்க்கிருந்த குறை அதற்கும் உண்டு. அது பருத்ததும் மீண்டும் பூச்சி, மீண்டும் காளான். அடர்ந்த அப்புதரின் நிழலில் மேப்பிள் முதலிய மற்ற மரங்களின் நாற்றும் தலையெடுப்பதில்லை.

இந்நிலையில் காட்டுக்கு உரியவர்கள் செய்யக்கூடியது என்ன? நமது மாநிலத்தில் 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பகுதியில் தோன்றிப் பப்பாளியையும் மல்பெரியையும் பாழாக்கியபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். பீச் செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஆனால் பூச்சியின் பெருக்கத்தை அடக்க அதனால் ஆகவில்லை. சுழியத்துக்குக் கீழே 37 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கும் கடுங்குளிர் பூச்சியைக் கொல்லும். எனினும் உறைபனிக்குள் புதைந்த அடிமரத்திலிருப்பவை பிழைத்துக்கொள்ளும். வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒற்றை மரத்தை மென்மையான தூரிகையாலும் நீராலும் தேய்த்துக் கழுவலாம். எண்ணெய் மருந்து தெளிக்கலாம். பல்லாயிரம் ஏக்கர் காட்டை யார் கழுவுவது?

'எப்படியும் சாகப்போகிற மரம். விலை போகும்போதே வெட்டிவிடுவோம்' என்று நோய் வருமுன்பே பீச் மரங்களை எல்லாம் வெட்டிவிடலாமென்ற எண்ணம் எழுவது இயல்பு. பார்வைக்கு இது சிக்கனமான யோசனை. ஆனால் நூறு மரங்களுக்கு ஒன்று என்ற அளவில், சுற்றிலும் எல்லாம் வெளுத்துக் கிடக்கையில் தான் மட்டும் சுத்தமான பட்டையுடன் நிற்கும் மரங்கள் இருக்கின்றன. டேவிட் ஹூஸ்டன் என்பவர் 1980ஐ அடுத்த ஆண்டுகளில் இதை ஒரு சோதனையால் மெய்ப்பித்தார். பூச்சியின் முட்டைகளைப் பட்டைமேல் வைத்து, மிருதுவான நுரைப்பஞ்சுத் துண்டால் மூடிக் கட்டி, ஓராண்டு கழித்து அவிழ்த்துப் பார்த்தார். சாதாரண மரத்தில் பூச்சி பெருகியிருந்தது. இம்மரங்களில் அது நிலைக்கவில்லை. இம்மரங்கள் எதிர்த்து நிற்பது காளானை அன்று, பூச்சியையே என்பது கவனிக்கத்தக்கது. பூச்சி ஊன்ற முடியாத மரத்தில் பிளவு இல்லை. பிளவு இல்லாததால் காளானுக்கும் வழியில்லை.

எல்லா மரங்களையும் முன்கூட்டியே வெட்டுகிறவர் அந்த ஒன்றையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார். அது எது என்று அறியும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. ஆதலால் பூச்சி மலிந்த மரங்களை மட்டும் அகற்றி, சுத்தமானவற்றில் அடையாளமிட்டு விட்டுவைக்கும்படி வனத்துறையினர் இப்போது கூறுகின்றனர். அவ்வாறு அடையாளமிட்ட மரங்களின் குச்சிகளை ஒஹையோ மாநிலத்திலுள்ள அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக்கட்டி, விதைத் தோப்புகள் அமைத்து வருகின்றனர். தாயும் தந்தையும் தாங்குதிறன் உள்ளவையானால் நாற்றுகளில் ஏறத்தாழப் பாதிக்கு அத்திறன் அமைகிறது. எந்தப் பாதி என்பதைப் பார்வையால் சொல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு நாற்றிலும் முட்டை வைத்து, நுரைப்பஞ்சு கட்டி, ஓராண்டு காத்திருந்து எண்ணுகின்றனர்.