ஹவாய் மொழியைத் தேடுவோர் எங்கே தொடங்குவது?

ஹவாய் பற்றி அறிய விரும்பும் எம்மவர் பலர் ஆங்கிலச் சுற்றுலா நூல்களோடு நின்றுவிடுகிறோம். அம்மொழியின் பெருஞ்செல்வம் இருப்பதோ பழைய பத்திரிகைகளில். முதலாவது பத்திரிகை 1834 இல் லஹைனாலுனா பள்ளியில் அச்சானது. 1948 வரை ஏறத்தாழ நூறு பத்திரிகைகள், ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அரசியல், பழங்கதை, வம்சாவளி, இரங்கற்பா, வாசகர்களின் வாக்குவாதம் எல்லாம் அவற்றில் உண்டு.

1893 இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896 இல் பாடசாலைகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. பாட்டனார் எழுதியதைப் பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியாமற் போயிற்று. ஆய்வாளர்கள்கூட மொழிபெயர்க்கப்பட்ட ஒருசில நூல்களை வைத்துக்கொண்டே ஹவாய் வரலாறு எழுதினார்கள்; மிகுதி நூலகங்களில் வாசிப்பாரின்றிக் கிடந்தது.

இன்று அவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்திலுள்ள ஹமில்ட்டன் நூலகம் தனியான ஹவாய்த் தொகுப்பொன்றைப் பேணுகிறது. எதை எங்கே தேடுவது என்று சொல்லும் அதன் இணைய வழிகாட்டிகள் எல்லோருக்கும் திறந்தவை. அடுத்து உலுக்காவ் என்ற இலவச மின்னூலகம். பத்திரிகைகளோடு, மேரி கவெனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த அகராதியும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்கு முதலில் அகராதியைக் காட்டுவதே நல்லது என்போம்.

தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பௌ' என்றால் முடிந்தது. தொண்டையில் குரலை வெட்டி 'ப-உ' என்றால் புகைக்கரி. நீட்டி 'பா-ஊ' என்றால் பாவாடை. இன்றைய எழுத்தில் இவற்றைப் பிரித்துக்காட்ட வெட்டுக்குறியும் நெடிற்கோடும் உண்டு. பழைய பத்திரிகைகளில் பெரும்பாலும் இவை இல்லை. மூன்றும் ஒரே சொல்லாகவே நிற்கும். புள்ளியிடாத ஓலைச்சுவடியை எம் முன்னோர் வாசித்ததுபோல, அன்றைய வாசகர் இடம் பார்த்துப் பொருள் கொண்டார். ஆகவே பத்திரிகைகளில் தேடும்போது குறிகளை விட்டுவிட்டுத் தட்டச்சிடுங்கள். இயந்திரம் பிழையாக வாசித்த எழுத்துகளும் இருக்கும். 2011-2012 இல் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பக்கம் பக்கமாகத் தட்டச்சுச் செய்தது அதனாற்றான்.

எழுத்து மட்டும் போதாது. 1972 இல் லாரி கிமுரா தொடங்கிய வானொலி நிகழ்ச்சியில், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட முதியவர்கள் பேசினார்கள். 1984 இல் 'குரற்கூடு' என்று பொருள்படும் பூனானா லேயோ மழலையர் பள்ளி முதன்முதலில் திறந்தபோது, அத்தகைய முதியவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். எம் வீடுகளிலும் அப்பம்மாவின் குரல் பதிந்த ஒலிநாடாக்கள் எங்கோ கிடக்கும். அந்த வானொலிப் பதிவுகளோ கனியாயினா என்ற இணையத் தொகுப்பில் இருக்கின்றன. 'பௌ'வும் 'பா-ஊ'வும் எப்படி ஒலிக்கும் என்பதை அந்த முதியவர்களின் வாயாலேயே கேட்கலாம்.